கேட்டு வாங்கிய வேலை

என் மனைவிக்கு அரச வேலை வேண்டும் என்று நான் யாரிடமும் போய் நின்றதில்லை. பொதுவாகத்தான் கேட்டேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரிகளில் வேலை கொடுங்கள் என்று, வர்த்தகர் சங்கத்தின் சார்பில், கொழும்பில் குளிரூட்டிய ஓர் அறையில் எழுந்து நின்று கேட்டேன். அந்த வேலைகளில் ஒன்று எங்கள் வீட்டு வாசலுக்கே வரும், வந்து அவளைத் தூர இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானில் எங்களுக்கு ஒரு சிறிய பாமசி இருக்கிறது. யுத்தம் முடிந்து சனம் ஊர் திரும்பிய காலத்தில் தகரக் கூரை போட்டுத் தொடங்கியது. அதற்கு முன்பு நான் கிளிநொச்சியில் வேறொருவரின் மருந்துக்கடையில் பல வருடங்கள் நின்றிருந்தேன். அந்தக் கடையும் போய்விட்டது, அந்த முதலாளியும் போய்விட்டார். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அப்போதெல்லாம் ஒரு காய்ச்சல் மருந்துக்கும் சனம் முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ போகவேண்டும். காலை பஸ்ஸில் போனால் பின்னேரம்தான் திரும்பலாம். பின்னேரத்தில் ரோட்டில் யானை நின்றால் அதுவும் நிச்சயமில்லை. அதனால் கடை திறந்த அன்றைக்கே வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

அவளை நான் கண்டதும் மருந்தால்தான். என் அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. விசுவமடுவில் நடந்த நடமாடும் கிளினிக் ஒன்றுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மருந்து கொடுக்கும் மேசையில் தொண்டராக ஒரு பெண் நின்றாள். ஒவ்வொருவருக்கும் மருந்தைக் கொடுத்து, எப்போது போடவேண்டும் என்று சொல்லி, பிறகு அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிழையாகச் சொன்னவர்களை அவள் ஏசவில்லை. இன்னொருமுறை சொன்னாள். வெயிலில் வரிசை நீண்டுகொண்டே போனது. அவள் அவசரப்படவில்லை.

"இந்தப் பிள்ளை வடிவாச் சொல்லுது" என்று அம்மா வீடு வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தார்.

சில மாதங்கள் கழித்து, அவளைத்தான் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது அதே அம்மாவின் முகம் மாறிப்போனது. "அதுகள் மலைநாட்டிலையிருந்து வந்த சனமெல்லோ" என்றார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துக்குக் கீழே அரசு கொடுத்த வயலுக்கு வந்து குடியேறிய குடும்பம். அவர்கள் கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காட்டை வெட்டிக் குடிசை போட்ட குடும்பம். இரண்டு பகுதியும் வந்தவர்கள்தான். எங்கள் வரவுக்கு ஒரு மரியாதை இருந்தது, அவர்களுடையதற்கு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா எங்கள் கலியாணத்துக்கு வந்து ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போனார். பிறகு அவருக்குக் கால் புண்ணாகிப் படுக்கையானபோது வேறு யார் கையாலும் மருந்து வாங்க மறுத்தார். "அவாவைக் கூப்பிடு" என்பார். கடைசிவரை அப்படித்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைதான் இருந்தது. வவுனியாவிலிருந்து பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவர் வாரத்தில் சில நாட்கள் வந்து போவார். மற்ற நாட்களில் நானும் அவளும். டொக்டர்மார் எழுதிக் கொடுக்கும் துண்டுகளை அவள் வாங்கிப் பார்ப்பாள், நான் எடுத்துக் கொடுப்பேன். மத்தியானத்தில் சனம் குறைந்ததும் கடைக்குப் பின்னால் இருந்த சின்னக் குசினியில் தேத்தண்ணி வைப்பாள். அவள் தகப்பன் தோட்டத்தில் வேலை செய்தவர் என்பதாலோ என்னவோ, தேத்தண்ணி விஷயத்தில் மட்டும் அவளோடு யாரும் கதைக்க ஏலாது. நான் போட்டால் ஒரு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்துவிடுவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சட்டமூலத்தைப் பற்றிய கதை வந்தது. கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் பதிவுபெற்ற மருந்தாளர் ஒருவர் உள்ளே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படமாட்டாது என்று அதில் இருந்தது. கொழும்பில் அது ஒரு பெரிய பிரச்சினை இல்லை. எங்கள் மாவட்டத்தில் அப்படி முழுநேரம் வந்து நிற்க ஆள் கிடையாது. இருக்கிற ஒன்றிரண்டு பேரும் டவுனில்தான் நிற்பார்கள். சட்டம் அப்படியே வந்தால் ஒட்டுசுட்டானிலும் அதற்கு அப்பாலும் ஒரு மருந்துக்கடை மிஞ்சாது.

முல்லைத்தீவில் சங்கத்தின் கூட்டம் நடந்தது. சங்கத் தலைவர் இரும்புச்சாமான் கடை வைத்திருப்பவர். உரத்த குரல். மருந்துக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும் வியாபாரிகள் மேல் யார் கைவைத்தாலும் அவருக்குக் கோபம் வரும்.

"இதை முழுசா எதிர்க்கவேணும்" என்றார் அவர். "கடையளைப் பூட்டி ஒரு நாள் காட்டுவம். அப்பதான் விளங்கும்."

எல்லோரும் ஓம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். பின்வரிசையில் இருந்த என் மனைவி எழுந்தாள். அவள் கூட்டங்களில் கதைக்கிறவள் இல்லை. எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"அண்ணை, சட்டம் பிழையில்லை" என்றாள். "பிழையான மருந்து குடுத்தா ஆள் சாகும். அதுக்கு ஒரு சட்டம் வேணும்தானே. நாங்கள் சட்டம் வேண்டாம் எண்டு போனா, காசுக்காகக் கத்துறம் எண்டுதான் நினைப்பினம்."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறீர் தங்கச்சி? கடையைப் பூட்டிப்போட்டுப் போறதோ?"

"அதில்லை. படிக்கிறதுக்கு எங்களுக்கு வழி விடச் சொல்லிக் கேப்பம். கன காலம் கடையில நிண்ட ஆக்கள் சோதினை எழுதலாம் எண்டு வைக்கட்டும். அதுக்குக் கொஞ்சம் காலத் தவணை தரட்டும். எங்கட பிள்ளையளை எடுத்துப் படிப்பிச்சு ஆஸ்பத்திரியளிலயும் வேலை குடுக்கட்டும். ஆக்கள் இருந்தாத்தானே அண்ணை சட்டம் நடக்கும்."

 "அதையும் சேர்த்துக் கேப்பம்" என்றார் தலைவர். இரண்டு கூட்டம் கழிந்தபோது அது மட்டும்தான் எங்கள் கோரிக்கையாக மிஞ்சியிருந்தது. கடையடைப்புக் கதையைப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

கொழும்புக்கு ஒரு வான் வண்டியில் போனோம். தலைவர், வேறு இரண்டு கடைக்காரர், நான், அவள். சுகாதார அமைச்சில் எங்களைச் சந்தித்தவர் ஓர் அம்மா. கண்ணாடி போட்டவர், களைத்துப்போன முகம். எங்களுக்கு முன்னால் எத்தனை சங்கங்கள் வந்துவிட்டுப் போனதோ தெரியாது. அவர் சிங்களத்தில் கதைத்தார், பக்கத்தில் இருந்த ஓர் இளைஞர் தமிழில் சொன்னார்.

நான்தான் சங்கத்துக்காகக் கதைக்கவேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். வானில் வரும்போது மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்த பேச்சு. எழுந்து நின்றதும் பாதி மறந்துவிட்டது. இருந்தாலும் சொன்னேன். எங்கள் மாவட்டத்தில் பெரிய கம்பனிகள் இல்லை, வயல் இருக்கிறது, கடல் இருக்கிறது, அவை இரண்டும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சோறு போடாது, படித்த பிள்ளைகள் அரச வேலைக்குக் காத்திருந்தே வயது போய்விடுகிறது என்று சொன்னேன். மருந்து கொடுக்க ஆள் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், வேலை இல்லை என்று எங்கள் பிள்ளைகள் சொல்கிறார்கள், இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள் என்றேன்.

அந்த அம்மா நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு என் மனைவி பக்கம் திரும்பினார். இவர் யார் என்று கேட்டார்.

"நான் கடையில நிக்கிறன்" என்றாள் அவள்.

என்ன படித்தீர்கள் என்று கேட்டார்.

"உயர்தரம் எழுதினனான். அந்த வருசம் இடம்பெயர்ந்தது. பிறகு படிக்க ஏலேல்லை."

இளைஞர் மொழிபெயர்த்து முடிக்கும்வரை அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தமிழிலேயே, கொஞ்சம் தடுமாறி, "இனிப் படிக்க விருப்பமா?" என்று கேட்டார்.

அவள் ஓம் என்றாள். அந்த ஓமை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். எங்கள் கலியாணத்துக்குச் சம்மதமா என்று நான் கேட்டபோதுகூட அவள் அவ்வளவு விரைவாகச் சொல்லவில்லை.

எங்கள் கோரிக்கை வென்றது என்று சொல்ல முடியாது. வேறு மாவட்டங்களிலிருந்தும் அதையே கேட்டிருப்பார்கள். கன நாளாக ஒன்றும் நடக்கவில்லை. சட்டமூலம் ஒருமுறை திரும்பப் பெறப்பட்டது, பிறகு மாற்றங்களோடு வந்தது. கடைகளுக்குத் தவணை கொடுத்திருந்தார்கள். அனுபவம் உள்ளவர்கள் சோதனை எழுதலாம் என்று இருந்தது. தலைவர் தொலைபேசியில் எனக்குச் சொன்னபோது பின்னால் இரும்பு வெட்டும் சத்தம் கேட்டது. "தங்கச்சியிட்டச் சொல்லும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் எங்கள் வாழ்க்கையின் நல்ல காலம் என்று இப்போது நினைக்கிறேன். அவள் படித்தாள். கடையில் ஆள் இல்லாத நேரம் கல்லாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுப் படிப்பாள். விடியப்புறம் நான் கிணற்றடியில் நிற்க, அவள் குசினி வாசலில் நின்றுகொண்டு மருந்துகளின் பெயரைச் சொல்லுவாள். நான் பிழை பிடிக்கவேண்டும். எனக்கே சரியான பதில் தெரியாத இடங்களில் சும்மா, "ம், சரி" என்பேன். கண்டுபிடித்துவிடுவாள். "உங்களுக்குத் தெரியாது, சும்மா சொல்லுறியள்" என்று சிரிப்பாள். வருத்தக்காரர் வந்தால்கூடப் புத்தகத்தை மூடாமல், விரலை நடுவில் வைத்துக்கொண்டு எழும்பி வருவாள்.

சோதனையில் சித்தியடைந்தாள். கடையின் அனுமதிப்பத்திரம் அவள் பெயரில் வந்தது. பெயர்ப்பலகையைப் புதிதாக எழுதுவித்தோம். வவுனியா மருந்தாளர் தனக்கும் வயதாகிவிட்டது, இனி அலைச்சல் இல்லை என்று சந்தோஷமாக விடைபெற்றார். என் மாமியார் விசுவமடுவிலிருந்து வந்து பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். எழுத வாசிக்கத் தெரியாதவர். "எது மகளோட பேரு?" என்று கேட்டார். நான் காட்டினேன். அந்த இடத்தையே கன நேரம் பார்த்தார்.

அரச ஆஸ்பத்திரிகளில் மருந்து வழங்குவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற அறிவித்தல் அடுத்த வருடம் வந்தது. நாங்கள் கேட்டதுதான். புதிதாகத் தகுதி பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. வயதெல்லைக்குள் அவளும் மட்டுமட்டாக இருந்தாள்.

ஊரில் எல்லோரும் ஒரே கதைதான். கவுண்மேந்து வேலை, பென்சன், இதைவிட வேறு என்ன. பலசரக்குக் கடைக்காரர் முதல் பஸ் கொண்டக்டர் வரை எனக்குப் புத்தி சொன்னார்கள்.  ஒரு பின்னேரம், மழை வரப்போகிற நேரம், மருந்துப் பெட்டிகளை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு இருக்கும்போது அவள் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, போடட்டே?"

"உமக்கு விருப்பமோ?"

"விருப்பம்தான். ஆனா கடை?"

"முல்லைத்தீவிலதான் போடுவினம். இல்லாட்டி மாங்குளத்தில. பின்னேரம் வந்து நிக்கலாம்தானே."

"வேற இடம் போட்டா?"

"அப்ப பாப்பம்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவள் போட்டிருக்கமாட்டாள். அது எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. கொழும்பில் அந்த அறையில் எழுந்து நின்று வேலை கொடுங்கள் என்று கேட்ட ஆள் நான். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேட்டதை என் வீட்டில் எப்படி மறுப்பது? அதைவிட, அவள் அன்றைக்குச் சொன்ன அந்த ஓம் என் காதிலேயே நின்றது.

நியமனம் வந்தது. பதுளைப் பக்கத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரி. தமிழில் கதைக்கத் தெரிந்த ஆள் அங்கே தேவைப்பட்டதால் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

இரண்டு பேரும் மாமியாரிடம் சொல்லப் போனோம். அவர் முற்றத்தில் கச்சான் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். இடத்தின் பெயரைச் சொன்னதும் கை நின்றது.

"அது நம்ம தோட்டம் இல்ல" என்றார். "நம்ம தோட்டத்துக்கு அடுத்த மலை."

 அங்கிருந்து ஓடி வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட இருந்திருக்காது. புகையும் அடியும் இருட்டும்தான் அவர் அதைப் பற்றி எங்களுக்குச் சொல்லியிருந்தது. நாங்கள் எழும்பும் நேரம், "நானும் மகளோட போறேன் மாப்புள. அவ தனியா எப்புடி இருப்பா?" என்றார். அவள் தனியாக இருப்பாள் என்பதற்காக மட்டும் அவர் கேட்கவில்லை என்பது எனக்கும் விளங்கியது, அவளுக்கும் விளங்கியது.

ஆக, இரண்டு பேரும் போனார்கள். வவுனியாவில் பஸ் ஏற்றிவிட்டேன். மாமியார் ஜன்னல் ஓரம். அவள் கடைசி நிமிடம் வரை, இன்சுலின் வைத்திருக்கும் குளிர்சாதனப்பெட்டியின் கதவை இறுக்கிச் சாத்தவேண்டும், கரண்ட் போனால் பக்கத்துக் கடை ஜெனரேட்டருக்குச் சொல்லவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஓம், ஓம் என்றேன். பஸ் போன பிறகு, வேறு ஏதாவது கதைத்திருக்கலாம் என்று தோன்றியது.

அனுமதிப்பத்திரத்துக்கு உரிய ஆள் கடையில் இல்லை. சட்டம் சட்டம்தான், அதைக் கேட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். வவுனியா மருந்தாளரிடம் திரும்பப் போய் நின்றேன். வயது போன மனுசன், பாவம் பார்த்து வாரத்தில் மூன்று காலை வர ஒப்புக்கொண்டார். அவர் நிற்கும் நேரம் மட்டும் மருந்து. மற்ற நேரம் மருந்து அலுமாரிகளைப் பூட்டிவிட்டுச் சவர்க்காரம், பால்மா, குளுக்கோஸ் விற்கிறேன். பின்னேரத்தில் யாராவது துண்டைக் கொண்டு ஓடி வந்தால், "நாளைக்குக் காலமை வாங்கோ" என்று சொல்லவேண்டும். அலுமாரிக்குள் மருந்து இருக்கும். அதைச் சொல்லுவதுதான் எனக்கு மிகக் கஷ்டமான வேலை.

வீட்டில் வேறு மாதிரி. அவளுடைய கதிரையை நான் எடுத்து மூலையில் போட்டேன், பிறகு திரும்பக் கொண்டுவந்து முன்னிருந்த இடத்திலேயே போட்டேன். ஒருவருக்குச் சோறு போட எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை. காலையில் கிணற்றடியில் நின்று முகம் கழுவும்போது குசினி வாசல் பக்கம் பார்க்கிற பழக்கம் போகவில்லை. யாரும் எந்த மருந்தின் பெயரும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தும் வாளியைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு நிற்பேன்.

அவள் வேலை முடிந்து பின்னேரத்தில் போன் எடுப்பாள். ஆஸ்பத்திரி ஊழியர் விடுதிக்குள் சிக்னல் இல்லை, வெளியே வந்து ஒரு மதிலோரம் நின்று கதைக்கவேண்டும். மழை பெய்தால் கதை இல்லை. அங்கே மழை நிற்பதே இல்லை போல இருந்தது. இங்கே வயல் வெடித்துக் கிடக்கும் நாட்களிலும் அவள், "இஞ்சை ஒரே மழை, நாளைக்கு எடுக்கிறன்" என்று ஒரு செய்தி அனுப்புவாள். வானிலை அறிக்கையில் அவள் இருக்கும் ஊவா மாகாணம் என்று சொல்லும்போது மட்டும் ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைப்பேன்.

தைப்பொங்கல் விடுமுறைக்கு நான் போனேன். போய்ச் சேர்ந்தபோது அவள் வேலையில் இருந்தாள். விடுதிக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், மருந்து கொடுக்கும் யன்னலுக்கு எதிரே இருந்த வாங்கில் வருத்தக்காரரோடு இருந்தேன். குளிரில் தலைக்குத் துவாய் சுற்றிய ஆண்கள், கொழுந்து பறித்து நகமெல்லாம் கறுத்த பெண்கள். அவள் யன்னலுக்கு உள்ளே நின்றாள். ஒவ்வொருவருக்கும் மருந்தைக் கொடுத்து, சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாள். குரல் மட்டும் மாறியிருந்தது. "காலைல ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. எங்க, சொல்லுங்க பாப்போம்" என்றாள். கடையில் பத்து வருடத்துக்கு மேல் என்னோடு நின்றவள், ஒருநாளும் சனத்தோடு அப்படிக் கதைத்ததில்லை. அந்த நடமாடும் கிளினிக்கிலும் எங்கள் கடையிலும் அவள் எங்களைப் போலத்தான் கதைத்தாள். தாயின் பாஷையைத் தாயோடு மட்டும், தாழ்ந்த குரலில் வைத்திருந்தாள். இங்கே அதை உரத்துக் கதைத்தாள்.

என் பக்கத்தில் இருந்த பெண் சொன்னார்: "இந்த அம்மா வந்த பொறகுதாங்க மருந்த எப்புடி சாப்புடுறதுனு நமக்குப் புரியுது. முந்தி சிங்களத்துல சொல்லிக் குடுத்துருவாங்க."

அவள் என்னைக் கண்டாள். ஒரு கணம் கை நின்றது. பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அன்று பின்னேரம் விடுதியில் மூன்று பேரும் இருந்தோம். மாமியார் முன்னைவிடத் தெம்பாக இருந்தார். தினமும் தோட்டத்து ரோட்டில் நடக்கிறாராம், பழைய ஆட்கள் சிலரைக் கண்டுபிடித்துவிட்டாராம். அவர் உள்ளே போனதும் நான் கேட்டேன்.

"இடமாற்றத்துக்குப் போட்டீரோ?"

"இந்த முறை போடேல்லை" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் போனா வேற ஆள் வாறவரைக்கும் யன்னல் பூட்டிக் கிடக்கும். அம்மாவையும் இனி அங்கை கூட்டிக்கொண்டு வர ஏலாது. உங்களுக்குக் கோபமோ?"

"இல்லை."

"பொய் சொல்லாதேங்கோ."

"கோபமில்லை. வேற ஒண்டு."  அவள் கையை என் கைக்கு மேல் வைத்தாள். குளிர்ந்திருந்தது. ஊரில் அவள் கை ஒருநாளும் அப்படிக் குளிர்ந்ததில்லை.

சில மாதங்கள் கழித்துச் சங்கத்தலைவர் வந்தார். ஆள் எடுப்பது தொடர்பாகக் கொழும்பில் மறுபடி ஒரு சந்திப்பு இருக்கிறது, நீர்தான் கதைக்கவேண்டும் என்றார். நான் போனேன். இந்த முறை வேறு ஓர் அதிகாரி, இளம் வயது, நன்றாகத் தமிழ் தெரிந்தவர். எங்கள் மாவட்டத்தில் தகுதி பெற்றவர்களை எங்கள் மாவட்டத்திலேயே போடவேண்டும் என்று கேட்டேன். தூரத்துக்கு அனுப்பினால் இங்கே கடையும் பூட்டும், ஆஸ்பத்திரியும் வெறுமையாகும், வீடும் உடையும் என்றேன். கடைசியாகச் சொன்னது எங்கள் கோரிக்கையில் இல்லை. தலைவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஐயா, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் தோட்டப்பக்க ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. அந்தச் சனம் எங்கே போவது?"

என்னோடு வந்தவர்கள் நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தார்கள். அவளுடைய ஆஸ்பத்திரியில் அந்த வாங்கில் இருந்திராவிட்டால் நான் நிறையச் சொல்லியிருப்பேன்.

"ஓம், அவையும் பாவம்தான்" என்றேன். "புதுசாப் படிக்கிறதுக்கு எங்கட பக்கம் ஒரு இடம் திறவுங்கோ. இன்னும் கொஞ்சப் பேர் வந்தா, போனவை திரும்பி வரலாம்." அதை எழுதிக்கொண்டார். செய்வார்களா என்று தெரியாது. வவுனியாவில் இடம் பார்க்கிறார்கள் என்று பிறகு ஒரு கதை வந்தது, இன்றுவரை அது கதையாகவே இருக்கிறது.

வெளியே வந்ததும் தலைவர் வானின் கதவைத் திறந்துவிட்டு நின்றார்.

"நீங்கள் போங்கோ அண்ணை" என்றேன். "நான் நாளையிண்டைக்கு வாறன்."

அவர் எங்கே என்று கேட்கவில்லை. "கடைத் திறப்பைத் தாரும், பெடியள் ஆரையும் விட்டுப் பாக்கச் சொல்லுறன்" என்று கை நீட்டினார்.

"வேண்டாம், பூட்டிக் கிடக்கட்டும்."

பதுளை பஸ்ஸில் ஏறினேன். மறுநாள் விடுதிக் கதவைத் தட்டியபோது மாமியார்தான் திறந்தார். "வாங்க மாப்புள" என்றார், நான் பக்கத்து வீட்டிலிருந்து வந்தவன் போல. உள்ளே அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருந்தது. மலை முழுவதும் மூடியிருந்த முகில் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. வாசலில் இருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் படிக்கட்டுகள் தெரியும். அங்கேயே வாசற்படியில் இருந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் வந்தாள். வெள்ளைச் சட்டையில், குடையை மடக்கிக்கொண்டு, குனிந்தபடி ஏறி வந்தவள் கிட்ட வந்துதான் நிமிர்ந்தாள்.

"கடை?" என்றாள்.

"பூட்டியிருக்கு."

"ஆரும் மருந்துக்கு வந்தா?"

"நாளைக்கு நான் போயிடுவன்."

 ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். குடையைச் சுவரில் சாத்திவிட்டு என் பக்கத்தில் வந்து அந்தப் படியிலேயே இருந்தாள்.

"எனக்கு இரண்டு மணிக்குத் திரும்பப் போகவேணும்" என்றாள்.

"ஓம். நீர் போம். நான் இருக்கிறன்."

உள்ளேயிருந்து மாமியார் இருவரையும் சாப்பிடக் கூப்பிட்டார். அவள் உடனே எழும்பவில்லை.